டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு டூர் பேக்கேஜுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டேன். பாதியைக் கார்டில், பாதியை வங்கிக் கணக்கிலிருந்து நேராக. அவ்வளவு பணத்தை நம்பிக் கொடுத்ததற்குக் காரணம், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் அடியில் வரிசையாக இருந்த சங்கங்களின் லோகோக்கள். இத்தனை சங்கங்கள் சேர்த்துக்கொண்டிருக்கின்றன என்றால் யாராவது விசாரிக்காமலா இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது போனை எடுப்பதை நிறுத்தினார்கள், அப்புறம் இணையதளமும் காணாமல் போனது. பதறிப்போய் ஏர்லைனைக் கூப்பிட்டு என்னிடம் இருந்த பிஎன்ஆர் என்ற புக்கிங் எண்ணைச் சொன்னேன். புக்கிங் செய்திருக்கிறார்கள், ஆனால் டிக்கெட் போடவில்லை, கெடு முடிந்ததால் இருக்கையும் ரத்தாகிவிட்டது என்றார்கள். லோகோ இருந்த சங்கம் ஒன்றுக்கு எழுதினேன். இரண்டே வரியில் பதில்: அந்த நிறுவனம் முன்பு எங்கள் உறுப்பினர், சந்தாவைப் புதுப்பிக்கவில்லை, பண விஷயத்தில் நாங்கள் தலையிட முடியாது.

அன்றைக்கு அந்தப் பதில் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் சங்கம் என்பது உறுப்பினர்கள் சந்தா கட்டி, தங்கள் தொழிலுக்காகப் பேச வைத்துக்கொண்டிருக்கும் அமைப்பு. உரிமம் கொடுக்கவும் பறிக்கவும் சட்டப்படி அதிகாரம் இருப்பது ஒழுங்குமுறை அமைப்புக்கு. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் நான் பணம் கட்டினேன், என்னைப் போலவே நிறையப் பேர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அயாட்டா (IATA) லோகோ. அது 1945-ல் ஹவானாவில் தொடங்கிய, ஏர்லைன்களின் சங்கம். சுமார் 350 ஏர்லைன்கள் இதில் உறுப்பினர்கள், உலக விமானப் போக்குவரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இவர்கள் கையில்தான். ஒரு ஏஜென்ட்டுக்கு அயாட்டா அங்கீகாரம் இருந்தால், அவர் ஏர்லைன்களின் டிக்கெட்டைத் தானே போடலாம், அதற்கான பணத்தை பிஎஸ்பி என்ற பொதுக் கணக்குத் தீர்வு முறை வழியாகக் குறிப்பிட்ட தேதிக்குள் கட்ட வேண்டும். இந்த அங்கீகாரத்துக்காக ஏஜென்ட்டிடம் நிதி உத்தரவாதம் கேட்கிறார்களே, அது ஏஜென்ட் பணம் கட்டாமல் போனால் ஏர்லைன்களைக் காப்பாற்றுவதற்கு. பயணி கொடுத்த அட்வான்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதனால்தான் டிக்கெட் எண் முக்கியம் என்கிறேன். ஆறு எழுத்து பிஎன்ஆர் என்பது புக்கிங் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. டிக்கெட் போட்டால் 13 இலக்க எண் ஒன்று வரும், முதல் மூன்று இலக்கம் ஏர்லைனின் குறியீடு. அந்த எண் கையில் இருந்தால் உங்களுக்கும் ஏர்லைனுக்கும் நேரடியாக ஒப்பந்தம் இருக்கிறது என்று சொல்லலாம். என்னிடம் இருந்தது பிஎன்ஆர் மட்டும்.

சரி, பணத்துக்கு உண்மையான பாதுகாப்பு எங்காவது இருக்கிறதா? இருக்கிறது. விமானத்தோடு சேர்ந்த பேக்கேஜ் விற்கும் நிறுவனங்களுக்கான பிரிட்டனின் அட்டோல் உரிமம் 1973-ல் வந்தது. அடுத்த வருடமே, ஆகஸ்ட் 1974-ல், கோர்ட் லைன் குழுமம் தன் டூர் நிறுவனமான கிளார்க்சன்ஸோடு சேர்ந்து திவாலாகி விழுந்தது. பல்லாயிரம் பேர் விடுமுறைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் அங்கே பயணிகளைக் காப்பாற்றப் பொது நிதி ஒன்று உருவானது. இன்றைக்கு அட்டோல் பேக்கேஜில் போகும் ஒவ்வொரு பயணிக்கும் நிறுவனம் 2.50 பவுண்ட் அந்த நிதிக்குக் கட்டுகிறது. 2019 செப்டம்பர் 23 அதிகாலையில் பிரிட்டனின் டூர் நிறுவனமான தாமஸ் குக் மூடியபோது, பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையம் வாடகைக்கு விமானங்கள் எடுத்து இரண்டே வாரத்தில் சுமார் 1,50,000 பேரை ஊர் சேர்த்தது. 1841-லிருந்து இருந்த பெயர் அது. நிறுவனம் எவ்வளவு பழையது என்று பார்த்து நம்புகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

சங்கங்களால் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. 1950-ல் தொடங்கிய பிரிட்டனின் அப்டா டிராவல் ஏஜென்ட்டுகளின் சங்கம்தான், ஆனால் உறுப்பினர்களிடம் பிணைத்தொகை போன்ற பாதுகாப்பு கேட்கிறது, அதனால் விமானம் இல்லாத ரயில், கப்பல் பேக்கேஜ்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. புகார் வந்தால் நடுவர் தீர்ப்புக்கும் வழி வைத்திருக்கிறது. இப்படி நடக்கும் சங்கத்தை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் நெருக்கடி வந்தால் சங்கம் யார் பக்கம் நிற்கும் என்பது 2020-ல் தெரிந்தது. விமானங்கள் நின்றுபோனதும், ரீஃபண்டுக்குப் பதில் வவுச்சர் கொடுக்க அனுமதியுங்கள் என்று அயாட்டா அரசுகளிடம் கேட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையோ அந்த ஏப்ரலிலேயே, ஏர்லைன் ரத்து செய்த விமானத்துக்குப் பணம்தான் திரும்பத் தர வேண்டும் என்று அறிவித்தது. ஐரோப்பிய ஆணையமும் பணமா வவுச்சரா என்பதைப் பயணிதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. ஏர்லைன்களிடம் கையில் காசு இல்லை என்பது உண்மைதான், அவர்களுடைய சங்கம் அப்படிக் கேட்டதில் தப்பும் இல்லை. ஆனால் எதிர்ப் பக்கத்தில் சட்டத்தோடு ஒருவர் நிற்காவிட்டால் பயணியின் பணம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்திரேலியா 2014-ல் ஏஜென்ட்டுகளுக்கான உரிம முறையையும், பயணிகளுக்கு இழப்பீடு கொடுத்துவந்த நிதியையும் மூடியது. அதன் இடத்தில் வந்தது, தொழில் சங்கம் நடத்தும், விருப்பப்பட்டவர்கள் சேரும் அங்கீகாரம். இது தவறான முடிவு என்பது என் கருத்து. ஏமாற்ற நினைக்கிறவர் விருப்பப்பட்டு ஏன் சேரப்போகிறார்?

இப்போதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னால் லோகோவைப் பார்ப்பதில்லை. அந்த அமைப்பின் தளத்துக்கே போய் உறுப்பினர் பட்டியலில் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரைத் தேடுகிறேன், ஏனென்றால் பலகையில் ஒரு பெயரும் ரசீதில் வேறு பெயரும் இருப்பதுண்டு. அப்புறம் நேராகவே கேட்டுவிடுகிறேன்: நான் கிளம்பும்வரை என் பணம் எந்தக் கணக்கில் இருக்கும், நீங்கள் மூடிவிட்டால் யார் தருவார்கள்? நல்ல ஏஜென்ட்டுகள் இதற்குக் கோபப்படுவதே இல்லை. போன முறை கேட்டபோது, பயணிகளின் பணத்தைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்கின் விவரத்தையும் காப்பீட்டுச் சான்றிதழையும் அன்று மாலையே அனுப்பினார்கள், டிக்கெட் எண்கள் மறுநாள் வந்தன.

அந்தப் பழைய பணத்தில் கார்டில் கட்டிய பாதி, வங்கியில் தகராறு மனு கொடுத்ததால் திரும்பி வந்தது. மீதிப் பாதிக்கு, மூடிய நிறுவனம் யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்ற பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. வரிசையில் வரி பாக்கி, சம்பள பாக்கி, வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் கீழே.