நெட் தேர்வில் சர்க்கரைக் கடத்தல்: நான் இடறிய இடங்கள்

முதல் தடவை சிஎஸ்ஐஆர் நெட் (ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) லைஃப் சயின்சஸ் எழுதியபோது தாவரச் செயலியல் எனக்குக் கைவந்த பகுதி என்று நினைத்திருந்தேன். இலை தோற்றுவாய் (சர்க்கரை கிளம்பும் இடம்), வேர் தேக்கிடம் (போய்ச் சேரும் இடம்), நடுவில் சர்க்கரையைக் கடத்தும் திசுவான ஃபுளோயம், அழுத்த வேறுபாடுதான் சாற்றைத் தள்ளுகிறது என்று 1930இல் ஜெர்மன் அறிஞர் முன்ச் சொன்ன அழுத்த ஓட்டக் கொள்கை எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண் தரும் சி பிரிவில் அந்த ஒப்பித்தல் எதற்கும் உதவவில்லை.

அப்புறம் ஒரு பயிற்சித் தாளில் கணக்கு ஒன்று வந்தது. ஃபுளோயத்தில் சாறு ஓடும் சல்லடைக்குழாயில் இலைப் பக்கம் நீர் உள்திறன் (நீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டும் அளவு) -1.1 மெகாபாஸ்கல், வேர்ப் பக்கம் -0.4. சாறு எந்தப் பக்கம் ஓடும்? நீர் எப்போதும் உள்திறன் குறைந்த பக்கம்தானே போகும், அதனால் இலைக்கு என்று குறித்தேன். தப்பு. அந்த விதி சவ்வைக் கடக்கும் நீருக்கு. சல்லடைக்குழாய்க்குள் நெடுக ஓடும்போது குறுக்கே சவ்வு கிடையாது, அழுத்தம்தான் தள்ளுகிறது. இலைப் பக்கம் விறைப்பழுத்தம் (உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம்) 0.6, வேர்ப் பக்கம் 0.3. சாறு வேருக்குத்தான் போகும். இரண்டு பக்கத்துக்கும் நீர் உள்திறன், விறைப்பழுத்தம், கரைபொருள் உள்திறன் என்று மூன்று மூன்று எண்களை எழுதி, படம் போட்டுப் பார்த்தால் ஒழிய இது மண்டையில் ஏறாது.

பட்டையை வளையமாக நீக்கும் சோதனையைப் புத்தகத்தில் படித்து அல்ல, கண்ணால் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வீட்டில் அப்பா மாதுளையில் விண்பதியம் (கிளையை மரத்திலேயே வேர் விட வைக்கும் முறை) போடுவார். கிளையில் ஒரு வளையம் பட்டையை உரித்து, ஈரப்பாசி வைத்துக் கட்டுவார். சில வாரம் கழித்துப் பிரித்தால் வெட்டின் மேல் விளிம்புதான் தடித்து வேர் விட்டிருக்கும். கீழ் விளிம்பு சும்மா இருக்கும். பட்டையோடு ஃபுளோயமும் போய்விட்டதால், கீழே இறங்க வழியில்லாமல் சர்க்கரையும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் மேலேயே தேங்கியதன் விளைவு அது. நீரை மேலே கொண்டுபோகும் சைலம் உள்ளே பத்திரமாக இருப்பதால் இலை வாடுவதில்லை.

நான் அதிகம் கோட்டை விட்டது வறட்சிக் கேள்விகளில். 'தண்ணீர் குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும், அதனால் சர்க்கரை குறையும், அதனால் வளர்ச்சி நிற்கும்' என்று ஒரு சங்கிலி வைத்திருந்தேன். மிதமான வறட்சியில் வரிசையே வேறு. இலையின் வளர்ச்சிதான் முதலில் நிற்கிறது, ஒளிச்சேர்க்கை அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை. செலவு நின்றதால் இலையில் சர்க்கரை சேர்கிறது. அதில் ஒரு பங்கு வேருக்குத் தொடர்ந்து போனால் வேர் ஆழம் போகும், செடி தாங்கும். நெல்லில் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் (கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும்போது) காய்ந்தால் கதை மாறும். மகரந்தப் பையில் சுக்ரோஸை உடைக்கும் இன்வர்டேஸ் நொதி குறைந்து, மகரந்தத்தில் ஸ்டார்ச் சேராமல் போகும். கதிர் வரும், ஆனால் பதர்.

ஊட்டச்சத்துக் குறைபாட்டையும் இதோடு சேர்த்தே படியுங்கள், தனிப் பாடமாக வேண்டாம். பாஸ்பரஸ் குறைந்தால் சர்க்கரை வேர் பக்கம் அதிகம் போய், தண்டோடு ஒப்பிட்டால் வேரின் பங்கு கூடும். பொட்டாசியமோ மெக்னீசியமோ குறைந்தால் ஃபுளோயத்தில் ஏற்றுவதே தடுமாறும். சர்க்கரை இலையில் கிடக்க, வேர் பட்டினி கிடக்கும். மெக்னீசியத்தைப் பச்சையத்தோடு மட்டும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பவர்கள் (நானும்தான்) இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே விடும் ஸ்வீட் (SWEET) புரதங்களில் எல்லா எண்களையும் உருப்போட வேண்டியதில்லை. ஸ்வீட் 11, 12 இரண்டும் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் இலையில் சுக்ரோஸை செல்லுக்கு வெளியே விடுகின்றன, அதை வேறொரு கடத்தி புரோட்டான் உதவியோடு, சல்லடைக்குழாயை ஒட்டியிருக்கும் துணைசெல்லுக்குள் ஏற்றுகிறது என்பது போதும். கூடவே ஒன்று: நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோயில் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா, நெல்லின் ஸ்வீட் மரபணுவையே தூண்டிவிட்டு, வெளியே வரும் சர்க்கரையைத் தின்கிறது. திருட வந்தவன் வீட்டுக்காரன் கையாலேயே கதவைத் திறக்க வைக்கிறான். இதைப் படித்த அன்றுதான் அந்தப் பெயர்கள் எனக்கு மறக்காமல் நின்றன.