மூன்று மணி நேர ஏற்றம்

குவேசார்கள், அதாவது பொருளை விழுங்கும் பெருங்கருந்துளையால் ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மையங்கள். அவற்றின் எக்ஸ்-கதிர்த் தரவுகளை ஆராயும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில், எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்த, தொலைவால் நமக்கு மங்கலாகத் தெரியும் குவேசார் ஒன்று மூன்று மணி நேரத்துக்குள் இருமடங்கு ஒளிர்ந்ததைக் கண்டு அன்றிரவு நான் உறங்கவே இல்லை.

ஓர் ஒளிமூலம் முழுவதும் ஒருசேர ஏறி இறங்க வேண்டுமானால், அதன் அளவு அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவை மிஞ்ச முடியாது. அண்டம் விரிவதால் காலமும் நமக்கு நீண்டே தெரியும். சிவப்புப் பெயர்ச்சி 1 கொண்ட, அதாவது அலைநீளமும் காலமும் நமக்கு இருமடங்காக நீண்டு தெரியும் அந்தக் குவேசாரில் நடந்தது ஒன்றரை மணி நேர மாற்றம்தான். அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 வானியல் அலகு (ஓர் அலகு என்பது புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) வந்தது. என் மகிழ்ச்சி அத்துடன் நின்றிருக்க வேண்டும். ஏனெனில், நிறமாலைக் கோடுகளின் அகலத்திலிருந்து அதன் கருந்துளைக்கு நூறு கோடி சூரிய நிறை என்று நானே குறித்து வைத்திருந்தேன். அத்தகைய கருந்துளையின் நிகழ்வெல்லை, அதாவது ஒளியும் தப்ப முடியாத எல்லையின் ஆரமே 20 வானியல் அலகு. எக்ஸ்-கதிரை உமிழும் வெப்ப எலக்ட்ரான் மண்டலம் கருந்துளையை விடச் சிறியதாக இருப்பதாக நான் எழுதிவைத்திருந்தேன்!

மூத்த ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, "பின்னணியைத் தனியாக வரைந்து பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். குவேசாரிலிருந்து வராமல் உணரியில் பதிவாகும் எண்ணிக்கையே பின்னணி. உணரியில் எந்த மூலமும் இல்லாத வெற்று மூலையின் எண்ணிக்கையை நூறு நொடிக்கு ஒரு புள்ளியாக வரைந்தேன். அங்கும் அதே நிமிடத்தில் அதே ஏற்றம். புவியைச் சுற்றியுள்ள வெளியிலிருந்து வந்த குறைந்த ஆற்றல் புரோட்டான்கள், கதிர்களைக் குவிக்கும் ஆடிகளின் வழியே உணரியை எட்டியிருந்தன. நானோ முழு நேரத்துக்கும் ஒரே சராசரிப் பின்னணியைக் கழித்திருந்தேன்.

அந்த ஏற்றம் பதிவான நேரப் பகுதியை வெட்டிய பின் எஞ்சியது ஏறக்குறைய தட்டையான கோடு. உண்மையில் ஒளிமிக்க இத்தகைய குவேசார்கள் பொதுவாக இப்படித்தான்: சில மணி நேரத்தில் அதிகம் அசையா, மாதங்களிலும் ஆண்டுகளிலும்தான் பெரிதாக மாறும். மாற்றங்களின் வீச்சு நீண்ட காலத்தில் கூடிக்கொண்டே போகும் இந்தச் 'சிவப்பு இரைச்சல்' இன்னொரு வகையிலும் ஏமாற்றும். இரண்டு மூன்று அலைகளைக் காட்டிச் சீரான சுழற்சியென நம்பவைக்கும். என் கருத்தில், போலித் தரவுகளைக் கணினியில் ஆயிரக்கணக்கில் உருவாக்கி ஒப்பிடாமல் அப்படிப்பட்ட சுழற்சியைப் பற்றிப் பேசவே கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த பதிவில் அதே குவேசாரின் ஒளிர்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெற்று மூலையின் கோட்டை முதலில் வரைந்தேன், அது அசையவில்லை.