லெ ஆவ்ர் நகர மண்டபம்: தூணைத் தொட்டுப் பாருங்கள்

பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுக நகரத்தின் நடுப்பகுதி 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் தரைமட்டமானது. பழைய நகர மண்டபமும் போனது. இன்றைய மண்டபம் கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரே வடிவமைத்தது; 1958-ல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பாரிஸின் சான் லசார் நிலையத்திலிருந்து ரயில். இறங்கியதும் ஸ்த்ராஸ்பூர் பெருவீதியில் மேற்கே நேராக நடக்கலாம், டிராமும் உண்டு.

எட்ட நின்று கோபுரத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். கிட்டப் போய்க் கான்கிரீட் தூணைத் தொடுங்கள், கரகரக்கும். அச்சுப் பலகையைப் பிரித்த பின் மேலே படிந்த சிமென்ட் தோலைப் பல்வைத்த சுத்தியலால் கொத்தி, உள்ளே இருக்கும் ஜல்லியின் நிறத்தை வெளியே கொண்டுவந்தார்கள். விளிம்பில் மட்டும் வழவழப்பான பட்டை இருக்கும். அங்கேயும் கொத்தினால் மூலை உடைந்து கொட்டிவிடும். எவ்வளவு நிதானமான கைவேலை!

கொத்தக் கொத்த, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் குறையும். கடற்காற்றின் உப்பு கம்பியை எட்டினால் துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பெயரும். ஒட்டுப்போடும்போது அதே நிற ஜல்லி கிடைக்காவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

புதிய நகரமே 6.24 மீட்டர் கட்டங்களில் அளந்து போட்டது. ஒரே அளவு என்பதால் அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது.

வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள், கொத்திய தடம் அப்போதுதான் எழுந்து தெரியும்.