எருசலேமின் தெற்குப் படிகள்: பேதுருவும் யோவானும் ஜெபிக்கப் போன ஆலயத்தின் வாசலில்

எருசலேமுக்குப் போகிறவர்களில் பலர், சீடர்கள் கூடியிருந்ததாகச் சொல்லப்படும் மேலறையைப் பார்த்ததும், பரிசுத்த ஆவி அவர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். சீயோன் மலையில் இன்று நிற்கும் அந்தக் கூடம் சிலுவைப்போர்க் காலத்ததாகக் கருதப்படும் கோதிக் கட்டடம். முதல் நூற்றாண்டுக் கல்லிலேயே கால் வைக்க வேண்டுமானால் கிழக்கே இறங்கிக் குப்பைமேட்டு வாசலுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் தொல்லியல் பூங்கா. சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளியன்று சீக்கிரமே அடைத்துவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், ஆலயத்துக்கு ஏறிப்போன படிகள் தெற்கு பார்த்தவை, நிழலே கிடையாது, வெள்ளைக் கல் கண்ணைக் கூசச் செய்யும்.

முதலில் வருவது ஏரோது காலத் தெரு. கி.பி. 70-இல் ரோமர் ஆலய மதிலின் மேலிருந்து தள்ளிய பாறைகள் விழுந்த இடத்திலேயே குவிந்து கிடக்க, அடியில் தளக்கல் குழிந்திருக்கிறது. அதைத் தாண்டித் தெற்கே திரும்பினால் படிகள். 1968 முதல் தொல்லியலாளர் பெஞ்சமின் மசார் தோண்டி வெளிக்கொணர்ந்தவை இவை. ஒரு படி குறுகல், அடுத்தது அகலம்: ஏறத்தாழ 30 செ.மீ., 90 செ.மீ. என மாறி மாறி வரும். வழக்கமான வேகத்தில் ஏறினால் கால் இடறும். தேய்ந்த பாறைப்படிகள் பழையவை; விளிம்பு கூராக இருப்பவை பின்னாளில் சீரமைத்தவை. இங்கே நின்று ஆரோகண சங்கீதங்களை (சங்கீதம் 120–134) பாடும் குழுக்கள் உண்டு. பாடட்டும், நல்லதுதான். ஆனால் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அந்தப் பதினைந்து சங்கீதங்களோடு இணைக்கும் பதினைந்து படிகள் ஆலயத்தின் உட்பிராகாரத்தில் இருந்தவை.

படிகளுக்குப் பக்கத்திலுள்ள சுத்திகரிப்புக் குளங்களை அவசரப்படாமல் பாருங்கள். பாறையில் வெட்டிச் சுண்ணம் பூசிய தொட்டிகள். மழைநீரோ ஊற்றுநீரோ தானாக வந்து சேர வேண்டும்; கையால் மொண்டு நிரப்பினால் செல்லாது. குறைந்த அளவு நாற்பது சேயா (பழைய யூத அளவை). இன்றைய கணக்கில் அது சுமார் 330 லிட்டர் என்பாரும் உண்டு, 570-க்கு மேல் என்பாரும் உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பேச்சைக் கேட்டு நம்பிய மூவாயிரம் பேர் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 2:41 இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் முழுக்கு என்பது அந்தக் கூட்டத்துக்குப் பழகிய செயல் என்பதை இந்தத் தொட்டிகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

பேதுருவும் யோவானும் ஆலயத்துக்குப் போனது ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் மூன்று. மாலைப் பலியின் வேளை அது. பலியையும் ஜெப நேரத்தையும் விட்டுவிடாமல், அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே நின்று இயேசுவை மேசியா என்றார்கள். அன்று அவர்கள் சப்பாணியைக் குணமாக்கிய அலங்கார வாசல் எது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கிழக்குச் சுவரிலுள்ள அடைபட்ட பொன் வாசலை அப்படிக் காட்டினால் உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு அரை நாளை இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். தெயோதோத்து கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1913-இல் தாவீதின் நகரத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ரெமோன் வேய் கண்டெடுத்த பத்து வரிக் கிரேக்கம். வெத்தேனுவின் மகனும் ஆசாரியனும் ஜெப ஆலயத் தலைவனுமான தெயோதோத்து, நியாயப்பிரமாணத்தை வாசிக்கவும் கட்டளைகளைப் போதிக்கவும் ஒரு ஜெப ஆலயம் கட்டினான். வெளியூரிலிருந்து வருவோருக்கு விடுதியும் தண்ணீர் வசதியும் செய்தான். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானோடு தர்க்கித்த லிபர்த்தீனரின் (விடுதலை பெற்ற அடிமைகளின்) ஜெப ஆலயம் இதுதான் என்று நிரூபணம் இல்லை. ஆனால் எருசலேமுக்குள்ளேயே கிரேக்கம் பேசிய யூதர்கள் கூடிய இடம் எப்படியிருந்தது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கல் வேறில்லை.

பிறஜாதியார் ஆலயத் தடுப்பைத் தாண்டினால் மரணம் என்று எச்சரிக்கும் கல்லின் உடைந்த துண்டு ஒன்றும் இங்கே உண்டு, முழுக்கல் இஸ்தான்புல்லில். எபேசியனாகிய துரோப்பீமுவை உள்ளே கூட்டிவந்தான் என்று பவுலைப் பிடித்தது இந்தத் தடுப்பை வைத்துத்தான். எழுத்துப் பள்ளங்களில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள்.