அப்பா வலி – மார்ஃபினும் நரம்பு ஊசியும்

பிப்ரவரி 3
அப்பாவுக்கு கணையத்துல கேன்சர்னு முன்னாடியே எழுதியிருந்தேன்ல, இப்ப வலி மேல்வயித்துல ஆரம்பிச்சு அப்படியே முதுகுக்கு துளைச்சுக்கிட்டு போகுது, மல்லாக்க படுக்கவே முடியல, தலகாணிய கட்டிப்பிடிச்சு குனிஞ்சு உக்காந்தா தான் கொஞ்சம் தாங்குது. மார்ஃபின், அதான் ஓபியம் வகை வலி மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை, 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 30க்கு வந்தாச்சு. சித்தப்பா "போதைக்கு அடிமையாயிடுவாரும்மா"ன்றாரு. 1985 போதைப்பொருள் சட்டத்துக்கு பயந்து ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வாங்கி வைக்க தயங்குனாங்களாம், 2014ல திருத்தம் வந்து லேசாச்சு. சட்டம் மாறிடுச்சு, சித்தப்பா மாறல.

பிப்ரவரி 6
மார்ஃபினால மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம், பாதி பேச்சுலயே கண்ணு சொருகுது. டாக்டர் நரம்பு பிளாக் பண்ணலாம்னாரு. வயித்துக்குப் பின்னாடி பெரிய ரத்தக்குழாய சுத்தி ஒரு நரம்புப் பின்னல், சீலியாக் ப்ளெக்ஸஸ், கணைய வலி பெரும்பாலும் அது வழியா தான் மேல போகுதாம், சிடி ஸ்கேன் பாத்துக்கிட்டே முதுகு வழியா ஊசி விட்டு ஆல்கஹால் ஏத்தி அத செயலிழக்க வைப்பாங்க. அப்பா உடனே "இத்தன வருஷம் வாயால தொடல, இப்ப முதுகால ஏத்துறீங்களா டாக்டர்"னாரு!

பலன் சில மாசம் தான். பிபி இறங்கலாம், பேதி ஆகலாம், ரொம்ப அபூர்வமா கால் செயலிழந்துடலாம். அம்மா அந்த கடைசி வார்த்தையிலயே நின்னுட்டாங்க.

ராத்திரி தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல மேயோ கிளினிக்காரங்க 100 பேர வச்சு பண்ணி 2004ல வெளியிட்ட ஆய்வுல ஊசி போட்டவங்களுக்கு வலி நல்லா குறைஞ்சிருக்கு, ஆனா ஆயுள் கூடல, மார்ஃபின் அளவுலயும் பெரிய வித்தியாசம் இல்ல. சுதி இறங்கிருச்சு. ஆனா அப்பா ஆயுளா கேட்டாரு, மல்லாக்க படுக்கணும்னு தான கேக்குறாரு. அம்மாகிட்ட இதையே தான் சொன்னேன்.

பிப்ரவரி 11
ஊசி போட்டாச்சு. பிபி இறங்குச்சு, டிரிப்ஸ் ஏத்துனாங்க. மலச்சிக்கலுக்கு மருந்து குடுத்துக்கிட்டு இருந்த வீட்டுல இப்ப பேதி, அந்த சிரப்ப நிறுத்திட்டோம்.

பிப்ரவரி 15
வலி எவ்வளவுன்னு கேட்டா பத்துக்கு ஒம்போதுனு சொல்லிக்கிட்டு இருந்தவரு இப்ப நாலுங்குறாரு. வலி இறங்குனதும் அதே மார்ஃபின் டோஸ் தூக்கத்த கூட்டிரும், அதுக்காக சட்டுனு நிறுத்தவும் கூடாது, உடம்பு பழகியிருக்கும்ல, அதனால படிப்படியா குறைக்கிறாங்க. சித்தப்பா போன்ல "அப்ப இனி மாத்திரை வேணாம்ல?" வேணும் சித்தப்பா, மிச்ச வலிக்கு அது தான். வியாழக்கிழமை ரிவ்யூ, தோல்ல 72 மணி நேரம் ஒட்டுற ஃபென்டனில் பேட்ச் (அதுவும் மார்ஃபின் மாதிரி வலி மருந்து தான்) சரிவருமானு கேக்கணும்.