தாடைக்குள் தொடைத்தோல்

ஜனவரி 9
கீழ்ப் பல்செட் மறுபடியும் ஆட ஆரம்பித்துவிட்டது. பேசப் பேச நாக்கு அதைத் தூக்கிவிடுகிறது. தும்மல் வந்தால் கை தானாக வாய்க்குப் போகிறது. மேல் செட் அண்ணத்தைக் கவ்விக்கொண்டு நிற்பதால் அதனால் தொல்லை இல்லை.

ஜனவரி 14
"அந்த ஆபரேஷன் எதுக்குப்பா பண்ணிக்கிட்டீங்க?" என்று மகள் கேட்டாள். 1996-இல் நடந்தது, அவள் அப்போது குழந்தை. கீழ்ப் பற்கள் போனபின் தாடை எலும்பு தேய்ந்து, உதட்டுச் சதை செட் உட்காரும் எலும்பு மேட்டின் உச்சி வரை ஏறிவிட்டது. வாயைத் திறந்தாலே அது செட்டை எத்தித் தள்ளும். அந்தத் தசைகளைக் கீழே இறக்கி, திறந்த இடத்தில் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஒட்டினார்கள். எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. இருந்ததைக் கொஞ்சம் வெளியே எடுத்துக் காட்டினார்கள், அவ்வளவுதான். ஆனாலும் நல்ல பலன்! பல வருஷம் செட் அசையாமல் உட்கார்ந்தது.

ஜனவரி 23
கூடவே வந்தது மரத்துப்போன உதடு. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு, முன்கடைவாய்ப் பற்களின் அடியில் ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. கத்தி அதற்கு வெகு பக்கத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும். இடப்பக்கம் கொஞ்சம் தேறியது, வலப்பக்கம் இன்றும் இல்லை. தண்ணீர் குடித்ததும் முகவாயைத் துடைத்துக்கொள்வேன், ஈரம் இருக்கிறதோ இல்லையோ.

ஒட்டிய தோல் வாய்க்குள் இன்னும் தோலாகவேதான் இருக்கிறது. சுற்றிலும் சிவப்பு, நடுவில் வெளிறிய திட்டு. புதிதாகப் பார்க்கிற டாக்டர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் முகம் சுளிப்பார்கள். கதையைச் சொன்னபின் சரி என்பார்கள்.

பிப்ரவரி 5
எக்ஸ்ரே. பின்பக்கம் எலும்பு இன்னும் தாழ்ந்து, அந்த நரம்புத் துளை இப்போது மேட்டின் உச்சிக்கே வந்துவிட்டது. வலப்பக்கம் கடித்தால் சுருக்கென்று ஏன் மின்னுகிறது என்று புரிந்தது: செட் நேராக நரம்பின்மேல் உட்காருகிறது. தொட்டால் உணர்வில்லாத உதடு, அழுத்தினால் வலிக்கிற நரம்பு! இரண்டும் ஒரே பக்கம்.

பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்த டால்கிரென் என்ற ஆய்வாளரின் ஆய்வு 1972-இல் வெளியானது. எலும்புத் தேய்மானம் நிற்பதே இல்லை, கீழ்த்தாடையில் அது மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்றது. என் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்த விஷயம். பலன் எத்தனை காலம் நிற்கும் என்று அன்று யாரும் பேச்சே எடுக்கவில்லை. அந்த மனக்குறை எனக்கு உண்டு.

பிப்ரவரி 12
இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்துத் தாடையில் வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "வெறும் பல்செட்டுக்காக வைத்தால், செட்டின் அழுத்தத்திலேயே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும் சார்" என்றார். முன்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (பல் வேர் போன்ற உலோகத் திருகு) வைத்து, செட்டை அதில் மாட்டுவதுதான் அவர் யோசனை. பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வு அதுவாக இருக்க வேண்டும் என்று 2002-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்களாம். இரண்டு நரம்புத் துளைகளுக்கும் நடுவே எலும்பு பொதுவாக மிஞ்சியிருக்கும், நரம்பும் ஒதுங்கியிருக்கும்.

மார்ச் 1
ஸ்கேன் வந்தது. முன்பக்கம் உயரம் போதும். இம்ப்ளான்ட் வைக்கும் வரை தற்காலிகமாக, வலப்பக்கம் நரம்பு படுகிற இடத்தில் செட்டை உட்புறமாகக் குடைந்து கொடுத்தார். மின்னல் பாதி குறைந்திருக்கிறது. ராத்திரி கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 4
சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் இந்த முறை கேள்விகளை எழுதிக்கொண்டு போகிறேன்: மெல்லிய தாடையில் துளையிட்டால் உடையும் அபாயம் எவ்வளவு, மாட்டும் பாகங்கள் தேய்ந்தால் எப்போது மாற்ற வேண்டும், அப்புறம் இடப்பக்கம் மிச்சமிருக்கிற உணர்வு பத்திரமா?