கணக்கு சாரும் விடைத்தாள் கட்டுகளும்

வெளிநாட்டில் இருக்கும் நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ‘நம் துணைவேந்தர்’ என்று ஒரு கட்டுரை. தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் நமக்குக் கணக்கு நடத்தியவர் துணைவேந்தராகி ஓய்வு பெற்றிருக்கிறார், பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அந்த மூன்றாண்டுப் பதவியைவிட, அதற்கு முன்னால் அவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்த காலம்தான் பெரிது. அதைத்தான் எழுதப் போகிறேன். பெயர் போடக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. கணக்கு சார் என்றால் நம்மவர்களுக்குப் புரியும்.

கடல் கடந்து வந்த நமக்கு அந்தப் பதவியின் அருமை தெரியும். டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் விவரச் சான்றை, உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின் மேல் அந்த அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்பினால்தான் நாம் வந்த காலத்தில் இங்கே ஏற்றார்கள். அந்த ஒரு கையெழுத்துக்காக ஊரிலிருக்கும் தம்பியையோ மாமாவையோ படியேற வைத்து, ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதிலை வாங்காத வீடு நம்மில் உண்டா?

சாருக்குப் பாலக்கோடு பக்கம், ‘அள்ளி’ என்று பெயர் முடியும் ஒரு சிற்றூர். கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரி நிலம். வீட்டில் அவருக்கு முன் கல்லூரிப் படி ஏறியவர் யாருமில்லை. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த அதே 1965இல்தான் நம் கல்லூரியும் தொடங்கியது. அது வந்திராவிட்டால் தன் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்திருக்கும் என்பார். பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பும் பட்டப்படிப்பும் அந்தக் கல்லூரியில்தான். பிறகு மொரப்பூரில் ரயிலேறிச் சென்னையில் எம்.எஸ்சி. அரசுக் கல்லூரி விரிவுரையாளராகி, இரண்டு மூன்று ஊர்கள் சுற்றி, தான் படித்த வகுப்பறைக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

நாங்கள் படித்தபோது கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. வினாத்தாள் அங்கிருந்து வரும், விடைத்தாள் அங்கே போகும், ரிசல்ட்டும் அங்கிருந்தே வரவேண்டும். தேர்வு நாட்களில் சாரை வாசலில்தான் பார்க்கலாம். தேர்வு தொடங்கி அரை மணி நேரம்வரை மாணவர்களை உள்ளே விடலாம் என்பது விதி. பென்னாகரம் பஸ் எத்தனை மணிக்கு வரும், அரூர் பஸ் எங்கே நின்றுவிடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வியர்த்து ஓடிவரும் பையனிடம் கேள்வி எதுவும் கேட்காமல், ஹால் டிக்கெட்டைப் பார்த்து, “மாடியில் மூன்றாவது அறை, ஜன்னல் ஓரம்” என்று அனுப்பிவிடுவார். ஒருநாள் அலுவலக ஊழியர் ஒருவர் முணுமுணுத்தபோது, “பஸ்தான் தாமதம், பையன் இல்லை” என்றார். அரை மணி கடந்து ஒரு நிமிடம் ஆனாலும் கதவு திறக்காது, அதுவும் அவர்தான்.

பின்னர் தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் ரீடராக, அதாவது இணைப் பேராசிரியர் நிலையில், சேர்ந்தார். 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்து நம் கல்லூரி அதன்கீழ் போனபோது அவர் தருமபுரியில் இல்லை. பேராசிரியர், துறைத் தலைவர், பாடத்திட்டக் குழு, கல்விக் குழு என்று வழக்கமான படிகள். அவற்றில் சொல்ல அதிகமில்லை.

தேர்வுத் துறைக்கு வந்தபோதுதான் வாசலில் நின்ற மனிதர் மறுபடி தெரிந்தார். விடைத்தாளின் முகப்பில் பதிவு எண் உள்ள பகுதியைக் கிழித்தெடுத்து, தாளுக்கு டம்மி எண் போடுவார்கள். திருத்துபவருக்கு அது யாருடைய தாள் என்று தெரியாது. திருத்திய பின் இரண்டு எண்களையும் பொருத்த வேண்டும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்: தேர்வு எழுதியவனுக்கு ‘ஆப்சென்ட்’ என்று வந்துவிடும். அவன் மதிப்பெண்ணுக்காக ஆறு மாதம் அலைவான். கிடைத்த வேலை அதற்குள் போய்விடும். சார் செய்தது எளிய காரியம். ‘ஆப்சென்ட்’ என்று பட்டியலில் வரும் ஒவ்வொரு எண்ணையும் தேர்வறையின் வருகைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு வெளியிடக் கூடாது என்றார். முடிவு நான்கைந்து நாள் தள்ளிப்போகும் என்று எதிர்ப்பு. போகட்டும் என்றார்.

திருத்திய விடைத்தாளை மாணவர் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011இல். சார் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கட்டணம் கட்டியவர்களுக்கு நகல் கொடுக்க வைத்துவிட்டார். ‘நாலு மதிப்பெண் பார்த்துப் போடுங்கள்’ என்று தொலைபேசியில் வரும் பெரிய மனிதர்களுக்கும் அதே பதில்தான்: மறுமதிப்பீட்டு விண்ணப்பம், செலான், கடைசித் தேதி.

பதிவாளர் பதவி கோப்புகளும் வழக்குகளும் சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழுவின் கூட்டக் குறிப்புகளுமாகக் கழிந்தது. பிறகு தேடுதல் குழு அனுப்பிய மூன்று பெயர்களில் இவருடையதை வேந்தரான ஆளுநர் தேர்ந்தெடுத்தார். துணைவேந்தராக இருந்த காலத்தில் நான் சந்திக்கப் போனபோது மாலைகளுக்கும் அடிக்கல்களுக்கும் நடுவே அவரை ஐந்து நிமிடம் பிடிப்பதே அரிதாக இருந்தது. ஆராய்ச்சியும் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது, அவரிடம் பிஎச்.டி. பதிவு செய்திருந்தவர்கள் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள் என்று அவர்களில் ஒருவரே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். குறை நியாயமானது. நிர்வாகத்துக்குப் போன நல்ல ஆசிரியரை வகுப்பறை இழந்துவிடுகிறது. அவரே இதை ஒப்புக்கொள்வார்.

இப்போது தருமபுரியில் இருக்கிறார். நம் சங்கத்தின் உதவித்தொகை விண்ணப்பப் படிவத்தைப் பார்வைக்கு அனுப்பியிருந்தோம், நான்கு பக்கம். சிவப்பு மையில் அடித்து ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ‘தந்தையின் ஆண்டு வருமானம்’ என்ற இடத்தில் ‘தந்தை அல்லது பாதுகாவலர்’; அரசு அதிகாரி சான்றொப்பம் நீக்கம்; கடைசித் தேதிக்கு எதிரே, ‘தபால் தாமதத்துக்கு ஒரு வாரம் கூட்டுக’. வரும் ஜூன் முதல் இந்தப் படிவம்தான் நடப்பில் இருக்கும். பழைய படிவம் கைவசம் உள்ளவர்கள் அதை ஊருக்கு அனுப்ப வேண்டாம்.